நடை ரயில் போன பாதை

பிள்ளைகளின் ஓட்டமும் ஆட்டமும் குறைந்துவிட்டன, அரையாண்டுத் தேர்வுக்குள் ஒவ்வொரு பள்ளியும் அதற்கென்று ஒரு சவாலை நடத்திக் காட்ட வேண்டும் என்று மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. தலைமையாசிரியை அதை ஒரு முறை படித்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"பி.டி. சார் இருக்கும்போது நமக்கென்ன கவலை" என்றார். மற்ற ஆசிரியைகள் சிரித்தார்கள்.

எனக்கு அது கேலியாகப் படவில்லை. ஒப்பந்த ஆசிரியராக அந்தப் பள்ளியில் சேர்ந்து அப்போதுதான் ஓராண்டு ஆகியிருந்தது. என் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அம்மா சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்காலில் கிள்ளுவதற்குப் போகிறவள். அப்பா களத்து வேலை, கட்டட வேலை, கூப்பிட்ட வேலை. பள்ளிக்கூடம் ஒன்றைச் சொன்னால் அது நல்லதற்குத்தான் இருக்கும் என்று நம்பிவிடுகிற குணம் எனக்கு அவர்களிடமிருந்து வந்தது. ஆகவே சுற்றறிக்கையை நான் மட்டும் நாலைந்து முறை படித்தேன்.

பள்ளி, மேலூருக்கும் திருவாதவூருக்கும் நடுவில் ஓர் ஊரின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது. எட்டாம் வகுப்பு வரை. மைதானத்தில் ஒரு சுற்று ஓடச் சொன்னால் பாதிப் பிள்ளைகள் வேப்பமரத்தடிக்கு வந்ததும் விலாவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார்கள். கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஓட்டம் சொல்லித்தர வேண்டியதில்லை என்று கல்லூரியில் படிக்கும்போது நானும் நினைத்திருந்தேன். வந்து பார்த்தால் காலையில் ஷேர் ஆட்டோ, இல்லாவிட்டால் அப்பாவின் பைக். சாயங்காலம் செல்போன். வெயில் தாழ்ந்த பிறகு தெருவில் விளையாடுகிற சத்தமே இல்லை.

நான் போட்ட திட்டம் எளிதானது. ஆட்டோவிலும் பைக்கிலும் வருவதை விட்டுவிட்டுப் பிள்ளைகள் சேர்ந்து நடந்து வர வேண்டும். ஒருவர் பின் ஒருவராக வருவதால் அதற்கு நடை ரயில் என்று பெயர் வைத்தோம். ஊருக்குள்ளிருந்து ஒரு ரயில், பக்கத்துக் குக்கிராமத்திலிருந்து ஒரு ரயில். எந்த ரயில் அதிக தூரம் நடக்கிறதோ அதற்கு அதிக மதிப்பெண். வராந்தாக் கரும்பலகையில் தினமும் எழுதிப் போடுவேன். தூரத்துக்கு மதிப்பெண் என்ற அந்த விதியை யோசித்து எழுதியதும் நான்தான்.

ஊர் ரயில் கிழக்கே காலனியில் புறப்படும். வாய்க்கால் பாலத்தைத் தாண்டினால் பெரிய தெரு. தெருவின் மறுகோடியில் கோயில், அதற்கு அப்பால் பள்ளி. நேர் வழி அதுதான். ஷேர் ஆட்டோவும் காலனிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அந்த வழியாகத்தான் இத்தனை காலமும் வந்துகொண்டிருந்தது. காலனியிலிருந்து எட்டாம் வகுப்பில் படித்த ஒரு பெண்ணை ரயிலுக்கு எஞ்சினாக வைத்தேன். பச்சைத் துணியில் ஒரு கொடி அவள் கையில். சின்னப் பிள்ளைகளை அதட்டாமலே வரிசையில் நிறுத்தத் தெரிந்த பெண். வகுப்பில் அவள் பக்கத்தில் உட்காரும் சினேகிதியின் வீடு பெரிய தெருவின் நடுவில் இருந்தது, இரும்புக் கேட் போட்ட மாடி வீடு. அங்கே ரயில் நின்று சினேகிதியை ஏற்றிக்கொள்ளும் என்று ஏற்பாடு.

முதல் நாள் நான் ரயிலின் கடைசிப் பெட்டியாக நடந்து வந்தேன். பாலம் இறங்கியதும் ரயில் நின்றது. முன்னால் என்னவென்று எட்டிப் பார்த்தேன். எஞ்சின் பெண் குனிந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் எல்லாரும் கழற்றினார்கள். அரசாங்கம் கொடுத்த புது ஷூக்கள். கயிறுகளை முடிந்து தோளில் போட்டுக்கொண்டவன் ஒருவன், கையில் கோத்துக்கொண்டவள் ஒருத்தி. ரயில் மறுபடி நகர்ந்தது. தெருவின் நடுவில் சினேகிதியும் இன்னும் சில பிள்ளைகளும் ஷூ போட்ட காலோடு வந்து வரிசையில் சேர்ந்துகொண்டார்கள். அதில் ஒரு மூன்றாம் வகுப்புப் பையன் கேட்டான்.

"ஏன் கையில தூக்கிட்டு வாரீக? கோயிலு அந்தக் கடைசியிலதான இருக்கு."

"மண்ணாப் போயிரும்டா" என்றாள் எஞ்சின் பெண், திரும்பாமல்.

பெரிய தெரு முழுக்க சிமென்ட் ரோடு. மண் என்று ஒரு கைப்பிடி இல்லை.

பள்ளிக்கு வந்ததும் அவளைத் தனியாகக் கேட்டேன். "அம்மா சொல்லிவிட்டுச்சு சார்" என்றாள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. என் அப்பா செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்து நான் பார்த்ததில்லை, ஏனென்றால் அவர் செருப்பே வாங்கியதில்லை. கால் காந்தும் என்பார். ரொம்ப நாள் அதை நான் நம்பியிருந்தேன்.

மறுநாள் காலைக் கூட்டத்தில் பொதுவாக ஒன்று சொன்னேன். நடை ரயிலில் வருகிறவர்கள் வீட்டிலிருந்து பள்ளி வரைக்கும் ஷூவைக் கழற்றக் கூடாது, முள் குத்தினால் நான் பொறுப்பில்லை என்று. யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. அடுத்த நாள் பாலம் இறங்கியதும் எஞ்சின் பெண் ஒரு நிமிடம் நின்றாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். கொடியை உயர்த்திக்கொண்டு நடந்தாள். சிமென்ட் ரோட்டில் அத்தனை ஷூக்களும் சேர்ந்து எழுப்பிய சத்தம் எனக்கு நன்றாக இருந்தது. டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

அதற்கு மறுநாள் பள்ளி விடுகிற நேரத்தில் அவளுடைய அப்பா கேட்டருகே பைக்கை நிறுத்திவிட்டு நின்றார். பெரிய தெருவில் அந்தச் சினேகிதி வீட்டு டிராக்டரை ஓட்டுகிறவர். கைலியை இறக்கிவிட்டுக்கொண்டு வந்தார்.

"நல்லாருக்கீகளா சார். பிள்ளை பூரா ரயிலு ரயிலுன்னே பேசுது. தூக்கத்துலகூட வரிசை வரிசைங்குது" என்று சிரித்தார். பிறகு, "ஒரு சின்ன விசயம்" என்றார்.

"சொல்லுங்கண்ணே."

"காலனிப் பிள்ளைகளை மட்டும் கம்மாக்கரை வழியா விட்டுருங்களேன்."

"ஏண்ணே, யாராச்சும் எதுவும் சொன்னாகளா?"

"யாரு சொல்லப் போறா. காலைல வண்டி எடுக்கப் போனேன். 'இன்னைக்கு வேணாம்ப்பா, பொறவு பாப்போம்'ன்னாக. நாத்து வளந்து நிக்குது, வயலு உழவுக்குக் கெடக்கு, வண்டி சும்மா நிக்குது. இதுக்கு மேல எனக்கு என்ன சொல்லணும்?"

"ஆட்டோ அதே தெரு வழியாத்தானே வந்துச்சு. இதே பிள்ளைகதானே உள்ள இருந்தாங்க?"

"ஆட்டோ வேற சார். நானே பைக்குலதான் போறேன், வாரேன். யாரு நிப்பாட்டுறா? காலு தரையில இருந்தாத்தான் அவுகளுக்குக் கண்ணு அங்கிட்டுப் போகுது."

ஆட்டோவிலிருந்து அந்தப் பிள்ளைகளை இறக்கித் தரையில் விட்டது நான்தான்.

"கம்மாக்கரை சுத்துதான். ஆனா நீங்க நடக்க வைக்கத்தான வந்துருக்கீக. கூடக் கொஞ்சம் நடந்தா நல்லதுதான?" என்றார். அவர் குத்திக்காட்டவில்லை. எனக்கு ஒரு வழி செய்து கொடுக்கிறோம் என்று உண்மையாகவே நினைத்தார். போகும்போது, "பிள்ளைட்ட நான் வந்துட்டுப் போனேன்னு சொல்லாதீக" என்றார்.

தலைமையாசிரியையிடம் சொன்னேன். மதுரையிலிருந்து பஸ் மாறி வருகிறவர், யாரையும் கடிந்து பேசாதவர். "இதை எதுக்கு சார் பெருசாக்கிக்கிட்டு? ஊர் ரயிலை ரெண்டா விடுங்க. கரையில மரம் இருக்கு, காத்து வருது. தூரம் அதிகம்ங்கறதால அதுகளுக்கு மார்க்கும் கூட வரும். பாவம், ஜெயிச்சுட்டுத்தான் போகட்டுமே" என்றார்.

மேலூர் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு கல்லூரி நண்பனுக்கு போன் போட்டேன்.

"மனு குடு மாப்ள. சட்டம் எதுக்குடா இருக்கு?" என்றான்.

"குடுத்தா வருவாங்க. வந்து நின்னு விசாரிச்சுட்டுப் போயிருவாங்க. மறுநாள் அந்த மனுசனுக்கு யார்றா டிராக்டர் குடுப்பா?"

"அப்ப பேசாம கரையில நட. எதுக்கு எனக்குப் போன் போட்ட? நான் சரின்னு சொல்லணுமா?"

அவன் சொன்னது சரிதான். யாராவது சரி என்று சொன்னால் தேவலை என்றிருந்தது.

அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து காலனி ரயில் தனி, கண்மாய்க் கரை வழி என்றேன். ஏன் என்று கேட்பாள், என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். அவள் கேட்கவில்லை.

"சரி சார். கொடி ஒண்ணுதான இருக்கு. தெரு ரயிலுக்கு யாரு எஞ்சின்?"

"உன் சினேகிதியையே போடுவமா?"

"அவ விறுவிறுன்னு போயிருவா சார். சின்னதுகளை விட்டுட்டுப் போயிருவா. சொல்லி வைங்க."

மறுநாள் காலையில் டிராக்டர் வயலுக்குப் போனது.

கரைப்பாதை வடக்கே வளைந்து கண்மாயைச் சுற்றிக்கொண்டு பள்ளிக்குப் பின்னால் வந்து இறங்கும். மழைக்காலம் என்பதால் தண்ணீர் கரையிலிருந்து கை நீட்டினால் தொடுகிற உயரத்தில் நின்றது. கருவேல மர நிழல் இருந்தது, காற்றும் இருந்தது, தலைமையாசிரியை சொன்னது போலவே. களிமண் ஷூவில் அப்பிக்கொண்டு காலைத் தூக்கவிடவில்லை. கொஞ்ச தூரம் போனதும் பிள்ளைகள் குனிந்து கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்கள். நானும் என் ஷூவைக் கழற்றிக்கொண்டேன். தெருவில் கழற்றியது வேறு, இது வேறு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நடந்தேன்.

கரும்பலகையில் காலனி ரயில் மேலே போய்க்கொண்டே இருந்தது. தெருப் பிள்ளைகள் வராந்தாவில் கூடி நின்று அதைப் பார்ப்பார்கள்.

"அவுகளுக்கு மட்டும் எப்புடி சார் இம்புட்டு?"

"தூரம்டா. சுத்தி வாராங்கல்ல."

இரண்டு மூன்று நாள் அதையே கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, ஒரு சாயங்காலம் சினேகிதி தன் கூட்டத்தோடு என்னிடம் வந்தாள்.

"நாங்களும் கரை வழியா வந்தா எங்களுக்கும் மார்க் உண்டா சார்?"

"உண்டு."

"தெருக்காரங்க கரையில வரக் கூடாதுன்னு ரூல்ல இருக்கா?"

"இல்லம்மா."

அடுத்த நாள் காலை நான் காலனிக்குப் போனபோது தெருப் பிள்ளைகள் பாலத்தைத் தாண்டி வந்து குழாயடியில் நின்றிருந்தார்கள். பள்ளிக்குப் போக வேண்டிய திசைக்கு நேர் எதிராக நடந்து வந்திருந்தார்கள், அந்தத் தூரத்தையும் கணக்கில் சேர்ப்பேனா என்று முதல் கேள்வி. இரண்டு ரயிலும் ஒன்றாகக் கோத்துக்கொண்டன. சினேகிதிகள் இருவரும் முன்னால் போனார்கள். எஞ்சின் பெண் சினேகிதியைப் பார்த்து, "மெதுவாப் போடி, பின்னால குட்டிக இருக்கு" என்றாள். அவள், "நீ எஞ்சினா, இல்ல மாட்டு வண்டியா" என்றாள். சகதியில் எல்லாரும் ஷூவைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்கள். எல்லாரும். அந்த வாரம் முழுக்க அப்படி நடந்தோம். சவாலில் எனக்கு நல்லது என்று சொல்ல அந்த ஒரு வாரம்தான் இருக்கிறது. அப்போதும் உள்ளுக்குள் ஒரு பயம் இருந்துகொண்டே இருந்தது. இரும்புக் கேட் வீட்டுக்கு இது தெரிய எத்தனை நாள் ஆகும் என்ற பயம்.

வாரம் முடிந்ததும் சினேகிதியின் அப்பா தலைமையாசிரியை அறைக்கு வந்தார். என்னையும் கூப்பிட்டார்கள். சிரித்த முகமாகத்தான் இருந்தார்.

"சவாலு நல்லாப் போகுதாமே சார். முந்தியெல்லாம் எங்க வீட்டுல செல்லைப் புடுங்குறது பெரும்பாடு. இப்ப சாப்பிட்ட உடனே தூங்கிருது. நல்ல வேலை பாக்குறீக." கொஞ்சம் நிறுத்தி, "ஆனா கம்மாக்கரையில பாம்பு பூச்சி கெடக்கும். தண்ணி வேற நெறஞ்சு நிக்குது. எங்க தெருப் பிள்ளைக தெரு வழியாவே வரட்டும்" என்றார்.

"காலனிப் பிள்ளைகளும் அதே கரையிலதான் வர்றாங்க" என்றேன்.

"அதுகளுக்குப் பழக்கம் சார்."

கோபமில்லாமல், வெறுப்பில்லாமல், மழை பெய்யும் என்று சொல்கிறவரைப் போலச் சொன்னார். "பாம்புன்னா எல்லாப் பிள்ளைக்கும் பாம்புதான். அப்ப எல்லாரும் தெரு வழியாவே வந்துரட்டும்" என்றேன்.

அதுவரை அவர் என்னைச் சரியாகப் பார்த்திருக்கவில்லை. அப்போது பார்த்தார். "நான் எப்ப வேணாம்னேன்? ரோடு எல்லாத்துக்கும் பொதுதான சார்" என்றார். அதே சிரிப்பு. எழுந்து தலைமையாசிரியைக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் போனார். எனக்கு டிராக்டர் ஞாபகம் வந்தது.

தலைமையாசிரியைக்குப் பாம்பும் தண்ணீரும் மட்டும்தான் காதில் விழுந்திருந்தன. "ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா என் தலைதான் உருளும் சார். அன்னைக்கே நான் யோசிச்சிருக்கணும். கரையில இனி யாரும் நடக்க வேணாம். சவாலை முடிச்சிருவோம். எல்லாரும் சேர்ந்து நடக்கற மாதிரி ஒரு நல்ல போட்டோ எடுத்து மேல அனுப்பிட்டாப் போதும்" என்றார். தெருவில் வைத்தே எடுக்கலாம், சினேகிதியின் அப்பாவையே கொடியசைக்கக் கூப்பிடலாம், அப்படிச் செய்தால் யாருக்கும் மனத்தாங்கல் இருக்காது என்பதும் அவர் யோசனைதான். போய்க் கேட்டேன். "போட்டோவுக்குத்தான? தாராளமா எடுங்க" என்றார் அவர்.

போட்டோ எடுக்கிற நாள் வரை பிள்ளைகள் பழையபடி ஆட்டோவில் வந்தார்கள். டிராக்டர் வேலை நடந்துகொண்டிருந்தது. எஞ்சின் பெண்ணின் அப்பா வழியில் என்னைப் பார்த்தால் ஹாரன் அடித்துத் தலையசைப்பார். நன்றி என்பது போல இருக்கும். அதை வாங்கிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

அந்தக் காலையில் எல்லாரையும் பாலத்தடியில் நிறுத்தினேன். எல்லார் காலிலும் ஷூ. பேனரின் ஒரு முனையைச் சினேகிதியும் மறுமுனையை எஞ்சின் பெண்ணும் பிடித்துக்கொண்டார்கள். இரும்புக் கேட் வீட்டு முன்னால் அவர் வெள்ளைச் சட்டையில் கொடியோடு நின்றார். பிள்ளைகள் அங்கே வரை நடந்து வந்தார்கள். அங்கே நிறுத்தி என் போனில் எடுத்தேன்.

"பேனரு நேரா இருக்கான்னு பாருங்க சார்" என்றார். இன்னொன்று எடுத்தேன். "அம்புட்டுத்தான?" என்று கேட்டுவிட்டுக் கொடியைச் சுருட்டி என்னிடம் கொடுத்தார்.

இவ்வளவும் நடந்தது தெருவின் நடுவில். பள்ளிக்கு இன்னும் பாதித் தெரு கிடந்தது. தெருப் பிள்ளைகள் பேனரைச் சுருட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்கள். காலனிப் பிள்ளைகள் நின்றார்கள். போட்டோ முடிந்துவிட்டது, அனுமதியும் அதோடு முடிந்ததா, மீதித் தெருவுக்கும் உண்டா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. பின்வரிசையில் சின்னப் பிள்ளைகள் இரண்டு பேர் உட்கார்ந்து கயிற்றை அவிழ்க்கத் தொடங்கிவிட்டார்கள். எஞ்சின் பெண் அவர்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

நடங்க என்று சொல்ல வேண்டியது நான். கேட்டுக்கு அருகில் டிரெய்லர் மாட்டிய டிராக்டர் நின்றது. அதன் பக்கத்தில் அவளுடைய அப்பா நின்றார். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன சொல்லப் போகிறேனோ என்று. நான் கையிலிருந்த கொடியை இன்னும் இறுக்கிச் சுருட்டினேன்.

"ஏறுங்கடா எல்லாரும்" என்றார் அவர் திடீரென்று. "நாத்தங்காலுக்குத்தான் போறேன். பள்ளிக்கூடத்துல எறக்கிவிட்டுட்டுப் போறேன்."

"ஆமாமா, ஏத்திட்டுப் போப்பா. மணியாச்சு" என்றார் வீட்டுக்காரர். அவர் குரலிலிருந்தும் ஒரு பாரம் இறங்கியது.

பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். டிரெய்லரில் கையூன்றித் தாவி ஏறினார்கள். "தள்ளுடா எருமை", "எங்காலு, எங்காலு" என்று ஒரே இரைச்சல். முன்னால் நடந்துபோன சினேகிதியும் திரும்பி ஓடி வந்து ஏறிக்கொண்டாள். அவளை வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. எஞ்சின் பெண் மட்டும் ரோட்டில் நின்றாள்.

"ஏறுத்தா" என்றார் அவளுடைய அப்பா.

"நான் நடந்தே வாரேன்ப்பா."

"அம்புட்டுப் பேரும் ஏறிட்டாக பாரு."

"நடக்குறதுக்குத்தானப்பா வந்தோம்."

சத்தம் குறைந்தது. டிரெய்லரில் இருந்தவர்கள் குனிந்து பார்த்தார்கள். அவர் சீட்டிலிருந்து இறங்கி வந்தார். அதட்டவில்லை. அவள் பக்கத்தில் நின்று, எனக்குக் கேட்டும் கேட்காமலும், "அப்பாவுக்காக ஏறும்மா" என்றார். அவள் கொஞ்ச நேரம் தன் காலையே பார்த்தாள். பிறகு அவர் தூக்கிவிடக் கை நீட்டியதைப் பிடிக்காமல் தானே ஏறிக்கொண்டாள்.

டிராக்டர் போனது. நான் பின்னால் நடந்தேன். ஷூவைக் கழற்றவில்லை. டீக்கடையைக் கடந்தபோது பேச்சு நின்றது. என்னை ஏதாவது கேட்பார்கள் என்று இருந்தேன். ஒரு வார்த்தை வரவில்லை. நான் வாத்தியார் என்பதால் விட்டார்களா, நான் யார் என்று தெரியாததால் விட்டார்களா என்று கோயிலைத் தாண்டும்வரை யோசித்துக்கொண்டே போனேன்.

பள்ளிக்குள் நுழைந்ததும் தலைமையாசிரியை, "போட்டோ நல்லா வந்துருக்கா சார்?" என்று கேட்டார். வந்திருக்கிறது என்றேன். நிஜமாகவே நன்றாக வந்திருந்தது. எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள், எஞ்சின் பெண்ணும்கூட.

வராந்தாவில் கரும்பலகைக்குப் பக்கத்தில் அவள் நின்றிருந்தாள். சாக்பீஸை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"இன்னைக்கு பாதி நடந்தோம், பாதி வண்டியில வந்தோம். எப்புடி சார் போடுவீக?"

கிண்டலா என்று அவள் முகத்தைப் பார்த்தேன். இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். கடைசி நாள் கணக்கு, சரியாக இருக்க வேண்டும் அவளுக்கு. சாக்பீஸை வாங்கிக்கொண்டு பலகைக்கு முன்னால் நின்றேன். முழுதாகப் போட்டால் அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள். பாதி போட்டால், மீதிப் பாதி என்ன ஆனது என்று பலகையைப் பார்க்கிற ஒவ்வொரு பிள்ளையும் கேட்கும், அவளுடைய அப்பா பெயர்தான் வரும்.

முதல் மணி அடித்தது. அவள் இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, "நேரமாச்சு, போறேன் சார்" என்று வகுப்புக்குப் போனாள்.

நான் எதையும் எழுதவில்லை.